8 வயசுப் பிள்ளைக்கு நாடக வாய்ப்பு: சுங்கை சிப்புட்டிலிருந்து அனுப்பும் முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

லிந்தாங்_ரோடு

வணக்கம். அண்ணன் மகளுக்காகக் கேக்குறேன். வயசு 8, தமிழ்ப்பள்ளியில ரெண்டாம் ஆண்டு, காலைப் பள்ளி, 7.30-லேர்ந்து 1.00 வரைக்கும். கோலாலம்பூர் தயாரிப்பு நிறுவனம் ஒண்ணு 13 வார டிவி நாடகத்துல நடிக்கக் கேட்டிருக்கு. பிள்ளைக்கு 6 நாள் வேலை. 4 நாள் ஈப்போ, 2 நாள் ரவாங். ராத்திரி சீன் ரெண்டு இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் செம்பனைத் தோட்டத்துல வேலை, ஒருத்தர்தான் கூடப் போக முடியும்.

பெர்மிட் மாதிரி ஏதாவது வேணுமா, அதை யாரு எடுக்கணும்? பள்ளி நாள்ல ஷூட்டிங் வச்சா? மேல்வரிசையில ஒரு பல்லு ஆடுது, முன்னாடியே சொல்லிடணுமா? ஒப்பந்தம் மலாய்ல 9 பக்கம், பாதியில நின்னா நஷ்ட ஈடுன்னு ஒரு வரி இருக்கு. இதுக்கு நடுவுல வேற ஒரு ஆள் சினிமாவுக்குன்னு வீடியோ கேக்குறார், கூடவே 350 வெள்ளி பதிவுக் கட்டணமாம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கால்ஷீட்

முதலில் அந்த 350 வெள்ளி. கொடுக்காதீர்கள். நடிக்கிறவருக்குத்தான் நிறுவனம் பணம் தரும், நடிக்கிறவரிடம் நிறுவனம் வாங்காது. பதிவு, போட்டோ ஆல்பம், 'கட்டாய பயிற்சி வகுப்பு' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்.

நாடக நிறுவனத்திடம் இரண்டு தாள் கேளுங்கள். ஒன்று, ஃபினாஸ் (தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம்) கொடுத்த தயாரிப்பு உரிமம். இன்னொன்று, இந்த நாடகத்துக்கென்று எடுத்த படப்பிடிப்புச் சான்றிதழ். மலாயில் சிஜில் பெராக்குவான் பெங்கம்பாரான், பேச்சில் எஸ்பிபி. அதிலுள்ள தலைப்பும் தேதியும் உங்களுக்கு வந்த கால்ஷீட்டோடு (எந்த நாள், எங்கே என்ற படப்பிடிப்பு அட்டவணை) ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒழுங்காக நடக்கிற நிறுவனம் இதைக் கேட்டதற்குக் கோபப்படாது.

பிள்ளையின் வேலைக்குத் தனிச்சட்டம் இருக்கிறது: 1966-ஆம் ஆண்டின் சிறார், இளையோர் வேலைச் சட்டம், சட்டம் 350. 15 வயதுக்குக் கீழே இருந்தால் 'சிறார்'. மேடை, சினிமா, டிவி போன்ற பொதுக் கேளிக்கையில் சிறாரை வைத்து வேலை வாங்க உரிமம் வேண்டும். தொழிலாளர் இலாகாவில் அதை எடுக்க வேண்டியது வேலை கொடுக்கிறவர், அதாவது தயாரிப்பாளர். உங்கள் பங்கு பிறப்புச் சான்றிதழ், மைகிட் (சிறுவர் அடையாள அட்டை) நகல், பெற்றோர் சம்மதக் கடிதம் ஆகியவற்றை நேரத்தோடு கொடுப்பது. உரிமத்தின் நகல் கைக்கு வராமல் முதல் நாள் பிள்ளையைக் காரில் ஏற்றாதீர்கள்.

இனி நேரக் கணக்கு. எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஒரு நாளில் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. தொடர்ந்து 3 மணி நேரம் போனால் குறைந்தது 30 நிமிடம் ஓய்வு. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்க இடையில் 14 மணி நேரம் முழுசாக விட வேண்டும். 7 நாளில் 6 நாள்தான் வேலை. பள்ளிக்குப் போகிற நாளில் பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து 7 மணியைத் தாண்டக் கூடாது.

கடைசி வரியை உங்கள் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். 7.30-லிருந்து 1.00 வரை ஐந்தரை மணி நேரம் பள்ளியிலேயே போய்விட்டது. மிச்சம் ஒன்றரை மணி. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போய், மேக்கப் போட்டு, லைட் வைத்து முடிப்பதற்குள் அந்த ஒன்றரை மணி கரைந்துவிடும். 'பள்ளி விட்டதும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு சீன்தான்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு நாளையும் பள்ளி விடுமுறையிலும் சனி, ஞாயிறிலும் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் தவிர்க்கவே முடியாது என்றால் அன்றைக்கு முழு நாள் விடுப்பு. அதற்கு நிறுவனத்தின் கடிதத்தாளில் தேதி, இடம், காரணம் எழுதி வாங்கி, தலைமையாசிரியரிடம் இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். படப்பிடிப்பு முடிந்த பிறகு கொடுக்கிற கடிதத்தை எந்தப் பள்ளியும் ரசிக்காது.

ராத்திரி சீன்: இரவு 8-லிருந்து காலை 7 வரை சிறார் வேலை செய்யக் கூடாது என்ற தடை பொதுக் கேளிக்கைக்கு இல்லை. ஆனால் 14 மணி நேர ஓய்வு இருக்கிறது. இரவு 10-க்குப் படப்பிடிப்பு முடிந்தால் மறுநாள் பகல் 12-க்கு முன்னால் அழைக்க முடியாது. இரண்டு ராத்திரி சீனையும் ஒரே கட்டாக, பிற்பகல் 4-க்குத் தொடங்குகிற நாள்களில் போடச் சொல்லுங்கள். ரவாங்கில் ராத்திரி முடிந்தால் இரண்டரை மணி நேரம் காரில் திரும்பி வராமல் அங்கேயே தங்க அறை கேளுங்கள். அதையும் எழுத்தில்.

வேலை நேரம் எப்போது தொடங்குகிறது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளை லொகேஷனில் கால் வைத்த நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும், கேமரா ஓடுகிற நிமிடத்திலிருந்து அல்ல. மாலை மழை பிடித்துக்கொண்டால் மூன்று மணி நேரம் சும்மா உட்கார வைத்துவிட்டு, 'பிள்ளை இன்னும் வேலையே செய்யலையே' என்று ராத்திரிக்கு இழுப்பார்கள்.

பூம்மைக்

கால்ஷீட் அண்ணன் கணக்கு சொல்லிட்டார். நான் பல்லைப் பத்தி.

இன்னைக்கே சொல்லிடுங்க. மேல் முன்பல்லு ரெண்டும் 6, 7 வயசுல விழும். அதுக்குப் பக்கத்துப் பல்லு 7, 8-ல விழுந்து, புதுசு முளைக்க 8, 9 ஆகும். நடுவுல சில மாசம் ஓட்டை. நாடகத்தை எபிசோட் வரிசையில எடுக்க மாட்டாங்க. ஒரு வீடு கிடைச்சா அந்த வீட்டுல நடக்குற 2-ஆம் எபிசோட் சீனையும் 11-ஆம் எபிசோட் சீனையும் ஒரே நாள்ல முடிப்பாங்க. பல்லு மூணாவது நாள் விழுந்துச்சுன்னு வைங்க. ஒரே எபிசோட்ல வாசல்ல பேசும்போது பல்லு இருக்கும், உள்ள வந்து உட்கார்ந்தா இருக்காது. பார்க்குறவங்க கண்ணு கதையை விட்டுட்டு அந்த ஓட்டைக்குத்தான் போகும்.

ஒப்பந்தம் போடுற அன்னைக்கு, பல்லு தெரியச் சிரிக்கிற மாதிரி நேரா ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மூணு போட்டோ எடுத்து டைரக்டரோட அசிஸ்டன்ட்டுக்கு அனுப்புங்க. வாரா வாரம் மறுபடி. ஆடுற பல்லை யாரும் நூல் கட்டி இழுக்க வேணாம், பிள்ளையே நாக்கால தள்ளி விளையாடாம பார்த்துக்குங்க. ஷூட்டிங் நாள்ல கரும்பு, முறுக்கு, முழு ஆப்பிள் கிடையாது. மீறி விழுந்துட்டா மூணு வழி இருக்கு. அந்தப் பக்கம் காட்டாம எடுக்குறது. விழுந்ததையே கதையில ஒரு வரியா சேர்த்துட்டு மிச்சத்தை அதுக்கேத்த மாதிரி அடுக்குறது. இல்லாட்டி பல் டாக்டர்கிட்ட கழட்டி மாட்டுற பொய்ப்பல் செய்யுறது. மூணாவதுக்கு அச்சு எடுத்துச் செஞ்சு வர நாள் பிடிக்கும், மாட்டின புதுசுல ச, ஸ ரெண்டும் காத்தோட வரும். பிள்ளையைப் பேச விட்டு ரெண்டு நாள் பழக்காம கேமரா முன்னாடி நிறுத்தக் கூடாது. நம்ம நாடகங்கள்ல பாதிக்கு மேல ரெண்டாவது வழியே போதும். பல்லு விழுற வயசுப் பிள்ளைக்குப் பல்லு விழுறதுல என்ன தப்பு?

மருதாணி, நகப் பூச்சு, புதுத் தோடு, முன்முடி வெட்டுறது எல்லாத்துக்கும் இதே விதி. கடைசி நாள் முடியுற வரைக்கும் எதையும் மாத்தாதீங்க. மருதாணி வச்சா ஒரு வாரம் பத்து நாளைக்குப் போகாது. லயத்துப் பக்கம் கொசு அதிகம், முகத்துல கடிச்ச தடிப்பை மேக்கப் மூடாது, வெளிச்சம் பக்கவாட்டுல விழுந்தா இன்னும் நல்லா தெரியும். முதல் நாள் ராத்திரி வலைக்குள்ள படுக்க வைங்க.

சத்தத்துக்கு வருவோம். இங்க நாடகத்துல பெரும்பாலும் அங்கேயே பேசுறதைப் பதிவு பண்ணுவாங்க. பட்டுப்பாவாடை போட்ட பிள்ளைக்கு நெஞ்சுல சின்ன மைக் குத்தினா, அசையுற ஒவ்வொரு தடவையும் சரசரன்னு காகிதம் கசக்குற சத்தம் வரும். கொலுசும் கண்ணாடி வளையலும் அதைவிட மோசம். கால் தெரியாத ஷாட்டுனா கொலுசைக் கழட்டிடலாம், வளையலுக்கு உள்பக்கம் சின்னத் துண்டு டேப். மைக்கோட டிரான்ஸ்மிட்டர் பெட்டியை மாட்ட சின்னப் பிள்ளை உடுப்புல பெல்ட்டு இருக்காது. எலாஸ்டிக் பட்டியில சின்னப் பை வச்சுத் தைச்சு, சட்டைக்குள்ள முதுகுப் பக்கம் போட்டு விடுங்க. வீட்டுலயே அரை மணி நேரம் போட்டு ஓட விட்டா, செட்டுல கையைப் பின்னால விட்டு நோண்டாது. ஒரு எச்சரிக்கை: மைக் மாட்டி இருக்கும்போது பிள்ளை பாத்ரூம் போனாலும் ஹெட்போன்ல கேக்கும். போறதுக்கு முன்னாடி சவுண்டு ஆளைக் கூப்பிட்டு அணைக்கச் சொல்லுங்க.

கூடப் போறவங்க கேமராவுக்குப் பின்னாடி நிக்கக் கூடாது. வசனத்தை வாயசைச்சுக் காட்டுனா பிள்ளையோட கண்ணு எதிர்ல நடிக்கிறவரை விட்டுட்டு அங்க ஓடும், எடிட்டிங்ல அது அப்பட்டமா தெரியும். கண்ணுக்கு எட்டுற தூரம், ஆனா பிள்ளையோட பார்வைக் கோட்டுக்கு வெளிய. மானிட்டர் பக்கத்துல ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்குங்க.

லிந்தாங்_ரோடு

ரொம்ப நன்றிண்ணே. பல்லு போட்டோ இன்னைக்கே அனுப்பிடுறோம். இன்னொரு சீன்ல பிள்ளை அழணும், டாயலாக் அரைப் பக்கம். மாநில அளவுப் பேச்சுப் போட்டியில பரிசு வாங்கின பிள்ளை, அதனால மனப்பாடம் பிரச்சனை இல்ல. அழுகைக்கு கிளிசரின் போடுவாங்களாமே, கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதா?

நடுவர்_நாற்காலி

தம்பி, மனப்பாடம் வரும் என்பது நல்லதுதான். ஆனால் பேச்சுப் போட்டிதான் இந்த இடத்தில் உங்களுக்குப் பெரிய இடைஞ்சல்.

போட்டியில் மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பேசப் பழக்குகிறோம். கண்ணை அகல விரிக்க வேண்டும், ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு கைச்சைகை, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை ஏற்றி நிறுத்த வேண்டும். கேமரா ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. அங்கே அதையே செய்தால் பிள்ளை அம்மாவிடம் பேசுவது போல இருக்காது, பரிசுக் கோப்பையிடம் பேசுவது போல இருக்கும். இதைத் திருத்தப் பத்து நாள் போதும். வசனத்தை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுக்காதீர்கள், பிள்ளையே வாசித்துக்கொள்ளட்டும். பிறகு வேலை செய்துகொண்டே சொல்ல வையுங்கள். வெங்காயம் உரிக்கட்டும், சப்பாத்து நாடாவைக் கட்டட்டும், துணி மடிக்கட்டும். கை வேலையில் இருந்தால் சைகை தானாக நின்றுவிடும். கேட்கிறவர் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும் தம் வரியைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறதா, இல்லை தன் முறை வந்ததும் ஒப்பிக்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம்: எந்தச் சொல்லில் எந்தக் கையால் என்ன செய்தது என்று நினைவு வைப்பது. 'வரமாட்டேன்' என்னும்போது இடக்கையால் மைலோ கோப்பையைத் தூக்கினால், ஒவ்வொரு டேக்கிலும் அதே சொல், அதே கை. தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று என்று எடுத்ததை வெட்டி ஒட்டும்போது கோப்பை மேசையிலும் கையிலும் மாறி மாறிக் குதிக்கக் கூடாது. வீட்டில் விளையாட்டாகவே பழக்கலாம். தரையில் ஒட்டியிருக்கிற டேப் அடையாளத்தைக் குனிந்து பார்க்காமல் அதில் வந்து நிற்பதும் அப்படித்தான். சமையலறைத் தரையில் டேப் ஒட்டி, பின்னோக்கி அடி எண்ணி, நடந்து வரச் சொல்லுங்கள்.

அழுகை: 8 வயதுக் கண்ணுக்கு மெந்தால் குச்சி வேண்டவே வேண்டாம், எரிச்சலில் கண்ணைக் கசக்கினால் அடுத்த ஒரு மணி நேரம் சிவந்தே இருக்கும். கிளிசரின் என்றால் கண்ணுக்குள் விடுவதில்லை, கன்னத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு துளி வைக்கலாம், அது வழிவது கேமராவுக்குப் போதும். உண்மையில் கண்ணீர் கூடத் தேவையில்லை. அழக் கூடாது என்று அடக்குகிற பிள்ளைதான் பார்க்கிறவரை அழ வைக்கும். எச்சிலை விழுங்குவது, வரியை நடுவில் நிறுத்தி மூச்சு எடுப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, இந்த மூன்றையும் பழக்கினால் அரைப் பக்க வசனம் தாங்கும். கிள்ளுவது, 'அம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டாங்க' என்று பொய் சொல்லி அழ வைப்பது, இதையெல்லாம் யாராவது செட்டில் தொடங்கினால் கூட இருக்கிறவர் உடனே எழுந்து நிறுத்த வேண்டும். ஒரு தடவை ஏமாந்த பிள்ளை அடுத்த நாள் அந்த ஆள் சொல்கிற எதையும் நம்பாது. நடிப்பும் வராது.

பணம் கேட்காத வேறு இடத்துக்கு வீடியோ அனுப்புவதென்றால்: போனைப் படுக்கவாட்டில், பிள்ளையின் கண் உயரத்தில் வையுங்கள். 8 வயதுக்கு அது ஏறத்தாழ 110 சென்டிமீட்டர், நாற்காலிமேல் இரண்டு பிஸ்கட் டின் அடுக்கினால் சரியாக வரும். பிள்ளைக்குப் பின்னால் வெறும் சுவர், முன்னால் ஜன்னல் வெளிச்சம். செம்பனை நிழலில் நிறுத்தி எடுக்காதீர்கள். இலை வழியாக விழுகிற வெளிச்சத்தில் முகம் பச்சை பூத்துத் தெரியும், காற்றில் மட்டை ஆடும்போதெல்லாம் போன் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துத் திண்டாடும். மழை நேரமும் ஆகாது, தகரக் கூரைச் சத்தத்தில் ஒரு சொல் கேட்காது. கோடு போட்ட சட்டை, எழுத்து போட்ட சட்டை வேண்டாம். முதலில் பெயர், வயது, உயரம், பேசுகிற மொழிகள். அப்புறம் இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டி ஒரு சிரிப்பு, ஓட்டைப் பல்லையும் சேர்த்து. பிறகு காட்சி. எதிர் வசனத்தைப் படிக்கிறவர் போனுக்கு ஒட்டி உட்கார்ந்து தணிந்த குரலில் படிக்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. பள்ளிச் சீருடையில் மட்டும் எடுக்காதீர்கள், எந்தப் பள்ளி என்பது ஊருக்கே தெரிந்துவிடும்.

வழக்குக்கட்டு

நஷ்ட ஈட்டு வரிக்கு வருகிறேன். கால்ஷீட் சொன்ன அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு: சிறார் தாமே சேவை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், ஆனால் அதை மீறினார் என்று சிறாரிடம் நஷ்ட ஈடு வாங்க முடியாது. நிறுவனங்களுக்கும் இது தெரியும். அதனால்தான் கடைசிப் பக்கத்தில் 'பெஞ்சாமின்' என்று ஒரு கையெழுத்துக் கோடு இருக்கும். அப்பா அங்கே போட்டால் அவர் ஜாமீன்தாரர், பிள்ளையிடம் கேட்க முடியாததை அவரிடம் கேட்பார்கள். 'பெஞ்சாகா' என்ற கோட்டில், காப்பாளராக மட்டும் போடுங்கள். ஜாமீன் வரியை அடித்து, இரண்டு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். நோய், குடும்பத்தில் மரணம், பள்ளித் தேர்வு ஆகியவற்றுக்கு விலக்கு எழுதிக் கேளுங்கள்.

இந்தப் பாதுகாப்பு சேவை ஒப்பந்தத்துக்குத்தான். ஐந்து வருடம் எங்கள் வழியாக மட்டுமே நடிக்க வேண்டும் என்று ஏஜென்ட் நீட்டுகிற தாள் வேறு வகை. 8 வயதில் அதற்கு ஒரு தேவையும் கிடையாது. மறுத்துவிடுங்கள்.

சம்பளம் 'ஒளிபரப்பான பிறகு' என்றிருந்தால் மாற்றுங்கள். எப்போது ஒளிபரப்புவது என்பது நிலையத்தின் கையில், தயாரிப்பாளர் கையில்கூட இல்லை. கடைசிப் படப்பிடிப்பு நாளிலிருந்து இத்தனை நாள் என்று எண்ணிக்கை போடச் சொல்லுங்கள். டப்பிங், விளம்பரப் படப்பிடிப்பு, பேட்ச் ஷூட் (விட்டுப்போன ஷாட்டைப் பின்னால் எடுப்பது) மூன்றும் 6 நாளுக்குள்ளா வெளியேயா என்பது எழுத்தில் வேண்டும். பணம் பிள்ளையின் பெயரிலுள்ள கணக்குக்கே போகட்டும். எஸ்எஸ்பிஎன் (உயர்கல்விச் சேமிப்பு) கணக்கு இருந்தால் அதில் போட்டுவிடலாம்.

பின்னால் சென்னையிலிருந்து யாராவது அழைத்தால் அங்கே விதி வேறு. இந்தியாவில் குழந்தை நடிகருக்கு ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான், ஓய்வில்லாமல் 3 மணிக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாகப் போட வேண்டும். சுற்றுலா விசாவில் போய் நடிக்க முடியாது.

பழைய_ரீல்

சட்டமெல்லாம் சொல்லியாச்சு, ஒரே ஒரு விஷயம். குழந்தை நட்சத்திரம்னா அப்படியே கதாநாயகி ஆயிடலாம்னு வீட்டுல யாராவது கணக்குப் போட்டா நிறுத்தச் சொல்லுங்க. ஸ்ரீதேவி ரொம்பச் சின்ன வயசுல முருகனா வந்தவங்க, 1976-ல 13 வயசுலயே 'மூன்று முடிச்சு'ல நாயகி. அதைச் சாதனையாத்தான் எல்லாரும் எழுதுறாங்க. எனக்கு அது பிள்ளைப் பருவம் பறிபோன கணக்காத்தான் படுது. ஷாலினி 1983-ல மலையாளத்துல குழந்தையா வந்து, இடையில பல வருஷம் விலகி இருந்துட்டு 1997-ல நாயகியா திரும்பினாங்க. 'கன்னத்தில் முத்தமிட்டால்'ல நடிச்சுத் தேசிய விருது வாங்கின கீர்த்தனா அதோட நடிப்பை விட்டுட்டு, பின்னாடி கேமராவுக்குப் பின்னால வேலைக்குப் போனாங்க. இந்த வேலையை இந்த 6 நாளுக்குள்ளயே வச்சுப் பாருங்க. முடிஞ்சதும் பிள்ளைகிட்டயே கேளுங்க, திரும்பப் போகணுமான்னு.

லிந்தாங்_ரோடு

எல்லாருக்கும் நன்றி. ஜாமீன் வரி அப்படியேதான் இருக்கு, அடிக்கச் சொல்லிட்டோம். கடைசியா ஒண்ணு. பிள்ளைக்கு தைப்பூசத்துல முடி இறக்குறதா வேண்டுதல் இருக்கு. ஷூட்டிங் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், பரவாயில்லதானே?

பூம்மைக்

பரவாயில்லைன்னு அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன். எடிட்டிங் பண்ணிப் பார்த்துட்டு விட்டுப்போன ஷாட்டை எடுக்க மறுபடி கூப்பிடுவாங்க, வழக்குக்கட்டு சொன்ன பேட்ச் ஷூட் அதுதான். சில வாரம் கழிச்சுக்கூட வரும். முடி மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், தோள் வரைக்கும் வர ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். விக் வைக்கலாம்னா, இந்த வயசுப் பிள்ளைக்குத் தலைச் சுற்றளவு 52 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். பெரியவங்க விக் தொளதொளன்னு நிக்கும், வியர்வையில நெத்தி ஓரம் கிளம்பும். பேட்ச் எந்தத் தேதிக்குள்ள முடியும்னு நிறுவனத்துக்கிட்ட எழுதி வாங்குங்க. அந்தத் தேதி தைப்பூசத்துக்குப் பின்னாடி வந்தா, வேண்டுதல் தேதியைச் சொல்லி பேட்சை முன்னாடி வைக்கச் சொல்லுங்க.